மைகார்டைச் சொருகியதும் நடப்பது என்ன? கிளவுட் கணினிகளும் நம் பெயர்களும்

‘சாரா’ எனப்படும் அடிப்படை உதவித் திட்டம் 2025-ஆம் ஆண்டில் மட்டும் இரண்டு முறை பெருத்தது. ஆண்டுத் தொடக்கத்தில் ஏறக்குறைய 7 லட்சம் பேர் அதைப் பெற்று வந்தனர். ஏப்ரலில் அந்த எண்ணிக்கை 54 லட்சமாக உயர்ந்தது. ஆகஸ்டு 31-ஆம் தேதி, 18 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லாக் குடிமக்களுக்கும் ஒருமுறை 100 வெள்ளி என்றபோது அது 2 கோடியே 20 லட்சமாயிற்று. முதல் நாளே தேசிய தினம், அதோடு ஞாயிற்றுக்கிழமை. அரிசி, முட்டை, பிஸ்கட் என்று தள்ளுவண்டியை நிரப்பிக்கொண்டு வந்தவர்கள் பல கடைகளில் கவுண்டர் முன் காத்து நின்றார்கள். கார்டு உள்ளே போனது, பதில் வரவில்லை. பணம் டிசம்பர் 31 வரை இருக்கும், அவசரப்பட வேண்டாம் என்று அதிகாரிகள் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

‘சிஸ்டம் டவுன்’ என்ற இரண்டு சொற்களோடு அந்தப் பேச்சு அன்றைக்கு முடிந்துவிட்டது. ஆனால் கடையின் கவுண்டரில் நின்றது கணினித் துறையினரின் தனிக் கவலை மட்டுமல்ல. எண்ணெய் மானியம், ரஹ்மா ரொக்க உதவியான எஸ்டிஆர், சாரா என்று அரசின் உதவிகள் ஒவ்வொன்றாக மைகார்டுக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. அந்த அட்டையின் பின்னால் எந்தக் கணினி, எந்தப் பட்டியலைப் பார்த்து, யாருக்கு ‘ஆம்’ சொல்கிறது என்பது தோட்டத்து லயத்தில் இருப்பவருக்கும் நகரத்துப் பிபிஆர் அடுக்குமாடியில் இருப்பவருக்கும் சாப்பாட்டுக் கேள்வி.

கார்டைச் சொருகும் அந்தச் சில விநாடிகளில் கணினி பல கேள்விகளுக்கு விடை தேடுகிறது. இவர் குடிமகனா, பட்டியலில் இருக்கிறாரா, கணக்கில் எவ்வளவு மிச்சம், வாங்கும் பொருள் அனுமதிக்கப்பட்ட வகையில் வருகிறதா? பிறகு தொகையைக் கழிக்க வேண்டும், கடைக்காரருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும். ஒருவருக்கு இது பெரிய வேலையே இல்லை. ஒரே காலை பத்து மணிக்கு நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான கவுண்டர்களிலிருந்து அதே கேள்விகள் வந்து குவியும்போதுதான் மூச்சுத் திணறுகிறது.

தைப்பூசத்தன்று பத்துமலைக்குக் கேடிஎம் கூடுதல் ரயில்கள் விடுகிறது. ஆண்டு முழுக்க அத்தனை ரயில்களையும் அந்தப் பாதையில் ஓட்டினால் நட்டம், தைப்பூசத்துக்கும் வழக்கமான எண்ணிக்கையிலேயே ஓட்டினால் மேடையில் நெரிசல். கணினிக்கும் இதே சிக்கல்தான். முன்பெல்லாம் ஒரு வங்கியோ அமைச்சோ, தன்னுடைய மிகப் பரபரப்பான நாளைக் கணக்கிட்டு அதற்கேற்ற இயந்திரங்களைச் சொந்தமாக வாங்கி, குளிரூட்டிய அறையில் அடுக்கி வைக்கும். மற்ற நாள்களில் பாதி சும்மா கிடக்கும். கணக்கு தப்பினாலோ, அந்த ஒரு நாளில் எல்லாமே நிற்கும்.

மேகக் கணிமை, அதாவது கிளவுட், இதற்கு ஒரு வாடகை ஏற்பாடு. அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் போன்ற நிறுவனங்கள் பல்லாயிரம் கணினிகளைக் கட்டி வைத்திருக்கின்றன. தேவைப்படும்போது நூறு இயந்திரங்களை எடுத்துக்கொள்ளலாம், கூட்டம் கலைந்ததும் தொண்ணூறைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பயன்படுத்திய நேரத்துக்குக் காசு. கல்யாணத்துக்கு அண்டா, நாற்காலி வாடகைக்கு எடுப்பதுபோல.

ஆனால் கிளவுட்டில் இருந்துவிட்டாலே நெரிசல் தானாகத் தீர்ந்துவிடாது. வேலையைப் பிரித்துச் செய்யும்படி நிரல் எழுதப்பட்டிருக்க வேண்டும். எல்லாக் கேள்விகளும் கடைசியில் ஒரே பேரேட்டின் ஒரே பக்கத்தில்தான் வந்து நிற்க வேண்டும் என்றால், ஆயிரம் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தும் பயனில்லை.

பிரித்துச் செய்வது என்றால் என்ன என்பதைத் தோட்டத்து மூத்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விடியற்காலை பெரட்டில் ஒவ்வொரு தண்டலும் தன் ஆட்களை மட்டும் எண்ணுவார். யாருக்கு எந்த நிரை என்று பிரித்து அனுப்புவார். மதியம் பால் நிறுக்கும் இடத்தில் அவரவர் எடை குறிக்கப்படும். எல்லாத் தண்டல்களின் கணக்கும் கிராணியிடம் வந்து சேரும், அவர் செக்ரோலில் கூட்டி எழுதுவார். முந்நூறு பேரையும் கிராணி ஒருவரே ஒவ்வொருவராக எண்ணப் போயிருந்தால் பொழுது சாய்ந்திருக்கும்.

கூகுள் 2004-இல் வெளியிட்ட ‘மேப் ரெடியூஸ்’ என்ற ஆய்வுக் கட்டுரையின் சாரமும் ஏறக்குறைய இதுதான். பெரிய தரவைத் துண்டுகளாக்கி ஆயிரம் கணினிகளிடம் கொடு, ஒவ்வொன்றும் தன் பங்கை எண்ணட்டும், பிறகு விடைகளைச் சேர். அந்த வழியில் ஹடூப் வந்தது, பின்னர் அதைவிட வேகமான ஸ்பார்க் வந்தது. இன்று கிளவுட்டில் பெருந்தரவைச் செயலாக்கும் கருவிகள் பலவும் இந்த மரபில் வந்தவை. ஒரு தண்டல் அன்றைக்கு வராவிட்டால் பக்கத்துத் தண்டல் அந்த ஆட்களையும் பார்த்துக்கொள்வதைப் போல, ஒரு கணினி செயலிழந்தால் அதன் துண்டு வேறொன்றுக்குப் போகும். அதுவும் அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது.

அரசின் தரவு வேலையில் இரண்டு விதம் உண்டு. சாராவிலும் பூடி95-இலும் பார்ப்பது உடனடி வேலை: கார்டு சொருகிய கணமே பதில் வேண்டும். 2025 செப்டம்பர் 30 முதல் குடிமக்கள் அனைவருக்கும் திறக்கப்பட்ட பூடி95-இல், மைகார்டும் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமமும் உள்ளவருக்கு ரோன்95 லிட்டர் 1 வெள்ளி 99 காசு. தொடங்கியபோது மாத வரம்பு 300 லிட்டர். தேசியப் பதிவுத் துறையான ஜேபிஎன்னின் பட்டியலையும், சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் பட்டியலையும் முன்கூட்டியே ஒப்பிட்டு வைத்ததால்தான் மக்கள் தனியாகப் பதிய வேண்டிய அவசியம் வரவில்லை. இது சாதாரண விஷயமல்ல. இன்னொரு பாரத்தை நிரப்பச் சொல்லாமல் கோடிக்கணக்கானோரைத் தகுதி பார்த்ததற்கு அந்தத் துறையினரைப் பாராட்டத்தான் வேண்டும்.

அந்த ‘முன்கூட்டியே ஒப்பிட்டு வைத்தது’தான் இரண்டாவது விதம். இரவோடு இரவாக, பல துறைகளின் பட்டியல்களை ஒன்றோடொன்று பொருத்தி, இவர்தான் அவர், இவரும் அவரும் ஒரே குடும்பம், இந்தக் குடும்பத்தின் வருமானம் இவ்வளவு என்று முடிவு கட்டுவது. கவுண்டரில் தாமதமானால் கண்ணுக்குத் தெரியும், பத்திரிகையில் வரும். இந்தப் பொருத்தலில் ஒருவர் விடுபட்டால் அது யாருக்கும் தெரியாது, விடுபட்டவருக்கே தெரியாமல் போகலாம். நம் சமூகம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

‘பாடு’ என்ற முதன்மைத் தரவுத் தளத்தை இதற்கென்றே 2024 ஜனவரி 2-ஆம் தேதி பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் தொடக்கிவைத்தார். அப்போதைய பொருளாதார அமைச்சர் ரஃபிஸி ரம்லி, மக்களைத் தங்கள் விவரங்களைச் சரிபார்த்துக்கொள்ளும்படி மார்ச் 31 வரை கெடு கொடுத்தார். தொடங்கிய ஓரிரு நாள்களிலேயே, அடையாள அட்டை எண் தெரிந்தால் இன்னொருவர் பெயரில் கணக்குத் தொடங்கிவிட முடிகிறது என்று முன்னாள் துணையமைச்சர் ஓங் கியான் மிங் சுட்டிக்காட்டினார். அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. ஆனால் மக்களின் தயக்கத்தை அவ்வளவு எளிதாக அடைக்க முடியவில்லை.

பட்டியல்களைப் பொருத்தும்போது தமிழர்களுக்கு வரும் முதல் தொல்லை பெயர். ஏ/எல், ஏ/பி என்பதன் நடுவே இருக்கும் சாய்கோடு கணினி உலகில் சாதாரணக் குறியல்ல. கோப்புகளின் முகவரியையும் இணைய முகவரியையும் பிரிக்கும் குறி அது. விமான முன்பதிவு முறையிலோ குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் பிரிக்கும் குறி. அதனால் சில இணையப் பாரங்கள் அதை ஏற்பதில்லை. சில, சாய்கோட்டை விழுங்கிவிட்டு ‘ஏஎல்’ என்று ஒட்டி எழுதுகின்றன. பழைய ஆவணங்களில் எஸ்/ஓ, டி/ஓ என்றிருக்கும், வேறு சிலவற்றில் அனாக் லெலாக்கி என்று முழுதாகவே இருக்கும். ஒரே மனிதர், நான்கு பட்டியலில் நான்கு பெயர்.

எழுத்துக்கூட்டல் இன்னொரு பக்கம். லெட்சுமி, லட்சுமி, லக்ஷ்மி. முனியாண்டி, முனியாண்டியின் கடைசி எழுத்து ஓரிடத்தில் ஐ, ஓரிடத்தில் ஒய். பிறப்பைப் பதியப் போனபோது கவுண்டரில் இருந்தவர் காதில் விழுந்ததை எழுதினார், அதுவே ஆயுளுக்கும் நின்றுவிட்டது. அண்ணன் தம்பி இருவரின் பிறப்புப் பத்திரங்களிலும் அப்பாவின் பெயர் இரண்டு விதமாக இருக்கும் வீடுகள் நம்மிடையே ஒன்றிரண்டா?

மைகார்டின் 12 இலக்க எண் எல்லாப் பட்டியலிலும் சரியாக இருந்தால் பெயர் எப்படி இருந்தாலும் கவலையில்லை. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். ஆனால் பழைய அடையாள அட்டை எண்ணோடு நிற்கும் ஆவணங்கள் இன்னும் உண்டு. ஓர் இலக்கம் மாறிப் பதிவானவையும் உண்டு. அங்கே கணினி பெயரையும் முகவரியையும் வைத்து ஊகிக்கப் பார்க்கும். எத்தனை எழுத்து ஒத்துப்போகிறது என்று மதிப்பெண் போட்டு, குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்கு மேல் என்றால் ஒரே ஆள் என்று முடிவு செய்யும். அந்த மதிப்பெண்ணை எங்கே வைப்பது, ஏ/எல்லுக்குப் பின்னால் வருவது குடும்பப் பெயரல்ல, அப்பாவின் பெயர் என்பதை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதெல்லாம் ஓர் அலுவலகத்தில், ஒரு மேசையில், ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ எடுக்கும் முடிவு. அந்த மேசையைச் சுற்றி இருப்பவர்களில் ஒருவருக்காவது நம் பெயர் முறை தெரிந்திருந்தால் நல்லது.

அடுத்தது முகவரி. தோட்டத்து வீடுகள் பலவற்றுக்குக் கதவு எண் கொண்ட முகவரி இருந்ததில்லை, தோட்டத்தின் பெயரும் அஞ்சல் குறியீடும்தான். ஒரே முகவரியில் இருப்பவர்கள் ஒரே குடும்பம் என்று ஒரு நிரல் எடுத்துக்கொண்டால் லயமே ஒரு குடும்பமாகிவிடும். தோட்டம் விற்கப்பட்டு, ஆட்கள் கிள்ளானுக்கும் ஸ்கூடாய்க்கும் குடிபெயர்ந்து இருபது ஆண்டுகள் ஆன பிறகும் மைகார்டில் அதே தோட்ட முகவரியை வைத்திருப்பவர்கள் நிறைய. இதை மட்டும் அரசின் தலையில் போட முடியாது. ஜேபிஎன் கவுண்டரில் மாற்றிக்கொள்ளக்கூடிய விஷயம் இது.

எஸ்டிஆர் உதவிக்குக் குடும்பத்தின் மாத வருமானம் 5,000 வெள்ளிக்குள் இருக்க வேண்டும், 2,500 வெள்ளிக்குக் கீழே இருந்தால் கூடுதல் தொகை. கணவர் விட்டுப்போய்ப் பத்து ஆண்டுகள் ஆன, ஆனால் சட்டப்படி மணவிலக்குப் பெறாத ஒரு பெண்ணைத் தரவு எப்படிப் பார்க்கும்? மணமானவர், கணவர் இன்னார், அவருடைய சம்பளம் இவ்வளவு. அத்தனையும் பதிவேட்டின்படி சரி. அந்தச் சம்பளத்தில் ஒரு காசு அந்த வீட்டுக்கு வரவில்லை என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கணினி தவறு செய்யவில்லை, அதற்குச் சொல்லப்படாததை அது அறியவில்லை.

சிவப்பு அடையாள அட்டைக்காரர்களின் நிலை இதைவிடக் கடினம். சாராவும் பூடி95-உம் குடிமக்களுக்கு மட்டுமே. இங்கேயே பிறந்து, இங்கேயே பால் மரம் சீவி, இன்னும் சிவப்பு அட்டையோடோ எந்த அட்டையும் இல்லாமலோ இருக்கும் முதியவர்கள் இந்தப் பொருத்தலுக்குள்ளேயே வருவதில்லை. முன்பு பெட்ரோல் நிலையத்தில் எல்லோருக்கும் ஒரே விலை. மானியத்தை நேரடியாக ஆளுக்குக் கொடுக்கும் முறை துல்லியமாக ஆக ஆக, அட்டை இல்லாதவருக்கும் இருப்பவருக்கும் இடையே உள்ள கோடும் துல்லியமாகிறது. அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களை விரைவுபடுத்தாமல் மானியத்தை மட்டும் நவீனமாக்குவது பாதி வேலை.

இந்தத் தரவுகள் எல்லாம் எங்கே இருக்கின்றன? ‘மேகம்’ என்ற சொல் கொஞ்சம் ஏமாற்றும். அது வானத்தில் இல்லை, தரையில் இருக்கிறது, அதுவும் நமக்குத் தெரிந்த தரையில். கூகுள் 2024 மே மாதம் அறிவித்த 200 கோடி அமெரிக்க டாலர் முதலீட்டின் தரவு மையம் சிலாங்கூரில் எல்மினா வணிகப் பூங்காவில். எல்மினா என்றால் மூத்தவர்களுக்கு அது தோட்டத்தின் பெயர். ஜொகூர் கூலாயில் வைடிஎல் குழுமத்தின் தரவு மையப் பூங்கா நிற்பது, பூஸ்டெட் பிளாண்டேஷன்ஸ் 2021-இல் ஏறத்தாழ 43 கோடி வெள்ளிக்கு விற்ற கூலாய் யங் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில், சுமார் 1,640 ஏக்கர். அமேசான் தன் மலேசியக் கிளவுட் வட்டாரத்தை 2024 ஆகஸ்டில் திறந்தது. இவற்றுக்கெல்லாம் முன்னரே, 2021 பிப்ரவரியில், மைடிஜிட்டல் திட்டத்தின் கீழ் மைக்ரோசாஃப்ட், கூகுள், அமேசான், டெலிகாம் மலேசியா ஆகிய நான்குக்கும் அரசு நிபந்தனையோடு அனுமதி அளித்திருந்தது.

தரவு உள்நாட்டில் இருப்பதில் ஒரு நன்மை உண்டு. தூரம் குறைவு, பதில் விரைவு, உள்நாட்டுச் சட்டத்தின் கைக்கு எட்டும். ஆனால் அந்தச் சட்டத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வங்கியையும் கடையையும் கட்டுப்படுத்தும், மத்திய அரசையும் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தாது. மத்திய அரசுத் துறைகள் தங்களுக்குள் தரவைப் பகிர்ந்துகொள்ள வழிசெய்யும் தரவுப் பகிர்வுச் சட்டம் 2025 ஏப்ரலில் நடப்புக்கு வந்துவிட்டது. பகிர வாசல் திறந்த வேகத்துக்கு, தவறு நடந்தால் சாதாரண மனிதர் எங்கே போய் நிற்பது என்பதற்கான வாசல் திறக்கவில்லை.

வாடகை வீட்டில் இருப்பவருக்கு வீட்டுக்காரரின் தண்ணீர்க் குழாய் உடைந்தாலும் பாதிப்புதான். 2025 தீபாவளி நாளான அக்டோபர் 20-ஆம் தேதி பிற்பகல் மூன்று மணிக்குச் சற்று முன்பு, நம்மவர்கள் விருந்து முடித்து உறவினர் வீடுகளுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அமேசானின் கிளவுட் வட்டாரம் ஒன்று தடுமாறியது. தரவுத் தளம் ஒன்றின் இணையப் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்கும் முறையில் வந்த ஒரு பிசகு. ஸ்னாப்சாட், கேன்வா, ரோப்லாக்ஸ் என்று உலகெங்கும் பலவும் முடங்கின. முக்கிய அரசுச் சேவைகளை ஒரே நிறுவனத்திடம், ஒரே வட்டாரத்தில் வைக்கக்கூடாது என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் வேண்டாம்.

வேலை விஷயத்துக்கு வந்தால், தோட்டம் போய்த் தரவு மையம் வந்ததால் அதே அளவு வேலை வரும் என்று எதிர்பார்ப்பது சரியல்ல. கட்டும்போது ஆயிரக்கணக்கானோர் தேவை. கட்டி முடித்த பிறகு மின்சாரம், குளிரூட்டல், காவல், இயந்திரப் பராமரிப்பு என்று சில நூறு பேர் போதும். ஊதியம் நல்லதாகத்தான் இருக்கும், இடம்தான் குறைவு. தொழிற்பயிற்சிக் கல்லூரிகளில் மின்னியலும் குளிர்சாதனமும் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அங்கே வாய்ப்புண்டு.

பெரிய வாய்ப்பு மையத்துக்கு வெளியே இருக்கிறது. வங்கி, காப்புறுதி, தொலைத்தொடர்பு, பேரங்காடி, எண்ணெய்ப்பனை நிறுவனம் எல்லாவற்றுக்கும் தரவைக் கொண்டுவந்து சுத்தம் செய்து, பொருத்தி, காலை எட்டு மணிக்கு மேலாளர் மேசையில் அறிக்கையாக வைக்கும் ஆட்கள் வேண்டும். தரவுப் பொறியாளர் என்று பெயர். கேட்க மினுக்கமாக இருந்தாலும் பாதிக்கு மேல் துப்புரவு வேலைதான்: தேதி மாறிக் கிடக்கும், பெயர் ஒட்டிக் கிடக்கும், ஒரே ஆள் இரண்டு தடவை வருவார். எஸ்கியூஎல்லும் பைதானும் அடிப்படை, அதன்மேல் ஏதாவது ஒரு கிளவுட். மைக்ரோசாஃப்ட் 2024-இல் 220 கோடி டாலர் முதலீட்டை அறிவித்தபோது 2 லட்சம் மலேசியர்களுக்குச் செயற்கை நுண்ணறிவுத் திறன் பயிற்சி தருவதாகவும் சொன்னது. எச்ஆர்டி கோர்ப்பின் ‘இ-லத்தே’ தளத்தில் கட்டணமில்லாப் பாடங்கள் உள்ளன. இவற்றில் எத்தனை தமிழ் இளைஞர்கள் சேர்கிறார்கள் என்று மித்ராவும் நம் அமைப்புகளும் எண்ணத் தொடங்கினால், கோயில் மண்டபங்களில் நடக்கும் ஒருநாள் ஊக்கமூட்டும் உரைகளைவிட அது பயன்தரும்.

தாமாகக் கற்றுக்கொள்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலவச வரம்பு என்று நம்பிக் கடன் அட்டை எண்ணைக் கொடுத்து, பெரிய இயந்திரம் ஒன்றை இயக்கிப் பார்த்துவிட்டு நிறுத்த மறந்தால், மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். மாதக் கடைசியில் பில் வரும். முதல் நாளே செலவு எச்சரிக்கையை அமைத்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும்.

உதவி வராதவர்களுக்கு இப்போதைக்கு இருக்கும் வழி, பதிவேட்டைத் திருத்துவதும் மேல்முறையீடு செய்வதும்தான். எஸ்டிஆருக்கு ஆண்டு முழுவதும் விண்ணப்பிக்கலாம், விவரங்களைப் புதுப்பிக்கலாம். வருமான வரி வாரியக் கவுண்டருக்குப் போகுமுன் மைகார்டிலுள்ள பெயரும், வங்கிக் கணக்கிலுள்ள பெயரும், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்திலுள்ள அப்பா பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று வீட்டில் உட்கார்ந்து ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. சிப் வேலை செய்யாத மைகார்டை ஜேபிஎன்னில் மாற்றிக்கொள்ளலாம். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் இருந்தால் பிள்ளைகளில் ஒருவர் ஒரு நாள் விடுப்பெடுத்துக் கூடப் போக வேண்டியிருக்கும். மணவிலக்குப் பெறாமல் பிரிந்து வாழும் பெண்கள், அதற்கான சான்றாக எவற்றைக் கொண்டுவர வேண்டும் என்று கவுண்டரில் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டால் இரண்டாவது முறை அலைய வேண்டியிருக்காது.